நூலுக்கு ஈரம், தொழிலாளிக்கு ‘ஷாக்’கா?

திருப்பூர் வட்டாரத்துப் பிரிண்டிங் பட்டறைகளில், தை மாதம் பிறந்து காற்று வறண்டுவிட்டால் ஒரு தொல்லை ஆரம்பமாகிவிடும். காயவைக்கும் மெஷினிலிருந்து வரும் அச்சடித்த பனியன் பீஸ்களை எடுத்து அடுக்கும் பெண் தொழிலாளி, மெஷினின் இரும்புச் சட்டத்தைத் தொடுகிறார். ‘சுரீர்’ என்று விரல் நுனியில் அடி விழுகிறது. மேஜை மேல் ஒட்டியிருக்கும் பாலியஸ்டர் பீஸை உரித்து எடுக்கிறவருக்குக் கை ரோமம் குத்திட்டு நிற்கிறது. பக்கத்தில் நிற்பவர் மேல் கை பட்டால் இருவருக்கும் அடி. ஒரு ஷிப்டில் இது எத்தனை தடவை நடக்கிறது என்று எண்ணி வைப்பாரில்லை.

சூபர்வைசரிடம் சொன்னால் என்ன பதில் வருகிறது? “அது சும்மா ஸ்டாடிக் கரண்ட். ஒண்ணும் பண்ணாது. வேலையைப் பாரும்மா!”

இந்தப் பதில் பாதி உண்மை, பாதி பொய். பெரும்பாலும் அது ஸ்டாடிக் மின்சாரம்தான் என்பது உண்மை. ஒன்றும் செய்யாது என்பது பொய். அதைத் தடுக்க வழியில்லை என்று நம்பவைப்பது அதைவிடப் பெரிய பொய்.

இது எங்கிருந்து வருகிறது?

பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். பிளாஸ்டிக் சீப்பால் உலர்ந்த தலையை வாரிவிட்டுக் காகிதத் துண்டுகளுக்கு அருகே கொண்டுபோனால் அவை துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு பொருள்கள் உராய்ந்தோ ஒட்டியோ இருந்து பிரியும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரம் சிறிது தாவிவிடுகிறது. போக வழி இருந்தால் அது பூமிக்குள் இறங்கிவிடும். வழி இல்லையானால் அங்கேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தது ஓர் அளவைத் தாண்டியதும் பொறியாகப் பாய்கிறது. வயலில் வேலை செய்யும் தோழர்கள் கோடைமழையில் பார்க்கும் மின்னலும் இதே ஜாதிதான். மேகத்தில் சேர்ந்தது மண்ணுக்குப் பாய்ந்தால் மின்னல். உடம்பில் சேர்ந்தது இரும்புக்குப் பாய்ந்தால் பட்டறை ‘ஷாக்’.

பிரிண்டிங் பட்டறையில் இந்த மின்சாரம் உண்டாவதற்கு எத்தனை இடங்கள் பாருங்கள்! இறுக்கிக் கட்டிய பாலியஸ்டர் வலையின் மேல் ரப்பர் ஸ்குவீஜியை இழுக்கிறோம். மேஜையில் ஒட்டிய துணியை ஒவ்வொரு பீஸாக உரிக்கிறோம். காயவைக்கும் மெஷினில் டெஃப்ளான் பூசிய கண்ணாடி இழைப் பெல்ட்டு, உருளைகளின் மேல் ஓய்வில்லாமல் ஓடுகிறது. அதன் மேல் போகும் துணியிலிருந்து சூடான காற்று ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறது. ஆகவேதான் மெஷினின் வாயில் நின்று பீஸ் எடுப்பவருக்கு மற்றவர்களைவிட அதிக அடி.

முன்பு பருத்தித் துணிக்கு அச்சடித்தபோது இவ்வளவு தொல்லை இல்லையே என்று பழைய தொழிலாளிகள் கேட்கிறார்கள். காரணம் உண்டு. சாதாரணக் காற்றில் 100 கிலோ பருத்தி சுமார் 8 கிலோ தண்ணீரைத் தன்னுள் வைத்திருக்கும். பாலியஸ்டரோ அரைக் கிலோகூட வைத்திருக்காது. ஈரம் உள்ள துணியில் மின்சாரம் கசிந்து போய்விடும். உலர்ந்த பாலியஸ்டரில் அது அங்கேயே குடியிருக்கும். விளையாட்டு உடுப்புகளுக்கான ஆர்டர் பெருகப் பெருக, பட்டறைக்குள் பாலியஸ்டர் வந்தது. பாலியஸ்டரோடு ‘ஷாக்’கும் வந்தது. ஆர்டரை எடுத்தவர்கள் அதற்கான பாதுகாப்பை மட்டும் எடுத்து வரவில்லை.

ஒன்றும் செய்யாதா?

வீட்டு லைனில் ஓடுவது 230 வோல்ட். ஸ்டாடிக் அடி நமக்கு உறைக்க வேண்டுமானால் உடம்பில் சுமார் 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். வறண்ட நாளில் 10,000 வோல்ட்டுக்கு மேலும் ஏறும். அப்படியானால் ஆள் ஏன் சாவதில்லை? உயரம் பெரிது, ஆனால் அளவு சிறிது. மலை உச்சியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தலை உடையாது. வாய்க்கால் உடைத்த வெள்ளம் இடுப்பளவே இருந்தாலும் ஆளை இழுத்துப் போய்விடும். ஸ்டாடிக் என்பது அந்தச் சொட்டு. லைன் கரண்ட் அந்த வெள்ளம்.

ஆக, ஸ்டாடிக் அடியே நேராக உயிரை எடுப்பது அரிது. ஆனால் மூன்று வழிகளில் அது ஆபத்தைக் கொண்டுவருகிறது.

முதலாவது, திடுக்கிடுதல். அடி விழுந்ததும் கை தன்னையறியாமல் உதறும். உதறிய கை எங்கே போகும்? பக்கத்தில் கொதிக்கும் ஹீட்டர் இருக்கிறது, சுழலும் உருளை இருக்கிறது. தட்டிவிடச் சாய டப்பா இருக்கிறது, வழுக்கி விழச் சிமெண்டுத் தரை இருக்கிறது. அப்போது ஏற்படும் காயத்துக்கு ‘தொழிலாளியின் கவனக் குறைவு’ என்று பெயர் வைத்துவிடுவார்கள்!

இரண்டாவது, தீ. ஸ்கிரீனைத் துடைக்கத் தின்னர் வைத்திருக்கிறோம். பசைக்கும் கறைக்கும் வேறு திரவங்கள் இருக்கின்றன. தின்னரில் சாதாரணமாகக் கலக்கும் டொலுவீன் ஆவியாகிக் காற்றோடு தக்க அளவில் கலந்திருந்தால், அதைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் சக்தி போதும். நம் விரலுக்கு உறைக்கிற மிகச் சிறிய பொறியிலேயே ஏறத்தாழ அரை மில்லிஜூல் இருக்கிறது. அதாவது, ‘சுரீர்’ என்று நீங்கள் உணர்ந்த அந்தப் பொறி, ஆவி நிறைந்த இடத்தில் தீக்குச்சிக்குச் சமம். உலர்ந்த துணியைத் தின்னரில் நனைத்துப் பாலியஸ்டர் வலையை அழுத்தித் தேய்க்கும்போது, ஆவியும் பொறியும் ஒரே இடத்தில் தயாராகின்றன. மண்ணெண்ணெய் அறைச் சூட்டில் அவ்வளவு எளிதில் பற்றாது. அதுவே சூடான மெஷினுக்குள் ஆவியானால் கதை வேறு. ஜன்னல் சாத்திய அறையில், சுற்றிலும் துணிக் குவியலோடு, ஒரே வாசல் வழியாக வெளியேற வேண்டிய பட்டறைகளை நினைத்துப் பாருங்கள்!

மூன்றாவதுதான் மிகவும் கொடியது. ‘ஷாக் என்றால் ஸ்டாடிக்தான்’ என்று பழகிப்போன தொழிலாளி, உண்மையான லைன் கரண்ட் மெஷின் சட்டத்தில் கசியும்போதும் ‘வழக்கமான அடிதான்’ என்று நினைத்துவிடுகிறார். ஹீட்டர் கம்பியின் உறை உருகியிருக்கலாம். எர்த் கம்பி அறுந்திருக்கலாம். அன்றைக்கு வருவது சொட்டு இல்லை, வெள்ளம்.

ஸ்டாடிக்கா, கசிவா?

இதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஸ்டாடிக் அடி ஒரே ஒரு தடவை, ‘டிக்’கென்ற சத்தத்தோடு விரல் நுனியில் விழும். அதோடு தீர்ந்துவிடும். திரும்ப அடிக்க வேண்டுமானால் மறுபடி மின்சாரம் சேர வேண்டும். கசிவு அப்படியன்று. சட்டத்தில் கை பட்டிருக்கும் வரை விறுவிறுவென்று ஊறிக்கொண்டே இருக்கும். வியர்வையும் ஈரமும் இருந்தால் அது அதிகமாகும். மழை நாளில்கூட ‘ஷாக்’ அடித்தால் சந்தேகம் உறுதி என்றே கொள்ளுங்கள். ஏனெனில் ஈரக் காற்றில் ஸ்டாடிக் சேராது.

ஊறுகிறது என்றால் உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொல்லும் வரை அந்த மெஷினைத் தொடக்கூடாது. கசிவா இல்லையா என்று மறுபடி தொட்டுப் பார்க்கும் பரீட்சையும் வேண்டாம். டெஸ்டர் இருக்கிறது, மீட்டர் இருக்கிறது. அதற்குத் தொழிலாளியின் விரல் எதற்கு?

நூலுக்கு மட்டும் ஏன் ஈரம்?

‘காற்று வறண்டால் ஷாக் அடிக்கும், அது இயற்கை. நான் என்ன செய்ய?’ என்கிறார் முதலாளி. இதற்குப் பதிலை மில் தொழிலாளர்கள் சொல்ல வேண்டும்.

பஞ்சாலையில் காற்று வறண்டால் என்ன ஆகும்? நூல் அறுகிறது. பஞ்சு பறக்கிறது. ஸ்டாடிக் ஏறி இழை உருளையில் சுற்றிக்கொள்கிறது. உற்பத்தி விழுகிறது. அப்போது நிர்வாகம் ‘இது இயற்கை’ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதா? பெரும் பணம் போட்டு ஈரப்பத பிளாண்ட் வைக்கிறது. நூற்பு இலாகாவில் 55, 60 சதவிகிதம், நெசவு இலாகாவில் 75 சதவிகிதத்துக்கும் மேல் என்று கணக்கு வைத்துக் காற்றில் ஈரம் ஏற்றுகிறது. சுவரில் ஈர உலர் வெப்பமானியை மாட்டி, மணிக்கு மணி குறித்துக்கொள்கிறது. நூலுக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் வந்துவிடுகிறது!

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. லங்காஷயர் நெசவாலைகளில் நூல் அறாமல் இருக்க நீராவியையே கூடத்துக்குள் விட்டார்கள். நெசவாளிகள் வேர்த்து நனைந்து, வெளியே குளிரில் நடந்து வீடு போனார்கள். எதிர்ப்பு வலுத்தது. 1889-ம் ஆண்டு பிரிட்டிஷ் பார்லிமெண்ட் பருத்தித் துணி ஆலைச் சட்டம் கொண்டுவந்து ஈரத்துக்கு வரம்பு கட்டியது. நூலுக்காகத் தொழிலாளியை நனையவைத்த முதலாளிகள் அன்று இருந்தார்கள். தொழிலாளிக்காக ஒரு வாளித் தண்ணீரை ஆவியாக்க மனமில்லாத முதலாளிகள் இன்று இருக்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்குதான்: சரக்குக்கு எது தேவையோ அதற்குத்தான் செலவு.

இன்னொரு வேடிக்கை. பனியனில் வெல்வெட் மாதிரி மெத்தென்று எழும்பி நிற்கும் ‘ஃப்ளாக்’ அச்சு தெரியுமல்லவா? பசை தடவிய இடத்தில் பொடி இழைகளைப் பல்லாயிரம் வோல்ட் ஸ்டாடிக் மின்சாரம் ஏற்றி நிமிர்ந்து நிற்கவைத்து ஒட்டுகிறார்கள். ஆக, ஸ்டாடிக்கை வேண்டிய இடத்தில் உண்டாக்கவும் ஆளவும் இவர்களுக்கு நன்றாகத் தெரியும். லாபம் தரும்போது அது தொழில் நுட்பம். தொழிலாளியின் விரலைச் சுடும்போது மட்டும் இயற்கையா?

அச்சு கெடும்போதும் விழித்துக்கொள்கிறார்கள். ஸ்டாடிக் ஏறிய துணியில் சாயம் மயிரிழைபோல் ஓரத்தில் சிதறும்; தூசியும் பஞ்சும் ஒட்டும். பீஸ் ‘ரிஜெக்ட்’ ஆனால் மறுநாளே ஆள் வருகிறார், மருந்து தெளிக்கிறார். ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் ஒடிந்த ஊசித் துண்டு எதுவும் உடுப்பில் தங்கிவிடக் கூடாது என்று மெஷின் வைத்துச் சோதித்து ரிஜிஸ்டர் எழுதுகிறார்கள். உடுத்தப்போகும் குழந்தைக்குக் குத்தக் கூடாது என்பது நியாயமான கவலை. அதில் கால்வாசிக் கவலையை அச்சடிக்கும் கைகளின் மேலும் காட்டக் கூடாதா?

பரிகாரம் என்ன?

பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்ததுதான்.

எர்த்: மேஜைச் சட்டம், காயவைக்கும் மெஷின், ஸ்கிரீன் சட்டம், இரும்பு டிராலி, எல்லா உலோகப் பாகங்களையும் ஒன்றோடொன்று கம்பியால் இணைத்து, பூமியோடு சேர்க்க வேண்டும். இதே எர்த்தும், கசிந்தால் தானே சுவிட்சை விழவைக்கும் கருவியும் சேர்ந்து லைன் கசிவிலிருந்தும் காப்பாற்றும். எர்த் குழி வெயில் காலத்தில் வறண்டுவிடும். அதற்குத் தண்ணீர் ஊற்றி, அளந்து பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

ஈரம்: காற்றில் 50 முதல் 60 சதவிகிதம் ஈரம் இருந்தால் ஸ்டாடிக் பெருமளவு அடங்கிவிடும். 30-க்குக் கீழே போனால்தான் அட்டகாசம். சிறிய பட்டறைக்கு மில் அளவு பிளாண்ட் வேண்டாம். பனிபோல் தண்ணீர் தெளிக்கும் சிறிய கருவி போதும். ஆனால் நல்ல தண்ணீரும், காற்று வெளியேற விசிறியும் வேண்டும். ஈரம் என்ற பேரில் ஆளைப் புழுங்க வைப்பதை லங்காஷயர் நெசவாளி ஏற்கவில்லை. நாமும் ஏற்கக் கூடாது.

துணியில் ஏறியதை இறக்குவது: எர்த் மட்டும் போட்டால் பாலியஸ்டர் துணியில் இருப்பது இறங்காது. ஏனெனில் அந்தத் துணி வழியாக மின்சாரம் ஓடாது. மெஷின் வாயில், துணிக்கு மிக அருகே, எர்த்தோடு இணைத்த மெல்லிய செப்பு இழைச் சரத்தைக் குறுக்கே கட்டினால் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதிகம் வேண்டுமானால் காற்றை அயனியாக்கும் மின் பட்டிகள் உண்டு. ஆனால் தின்னர் ஆவி உள்ள இடத்தில் அதற்கென்று தயாரித்ததைத்தான் வைக்க வேண்டும்.

திரவங்கள்: தின்னரை மேஜையருகே திறந்து வைக்கக் கூடாது. மூடியுள்ள உலோக டப்பாவில், அன்றைக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். ஊற்றும்போது இரண்டு டப்பாக்களையும் கம்பியால் இணைத்து, எர்த்தோடு சேர்க்க வேண்டும். ஸ்கிரீன் துடைக்கும் இடம் தனியாக, காற்றோட்டத்தோடு, ஹீட்டரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

உடையும் செருப்பும்: ரப்பர் செருப்பு உடம்பில் ஏறிய ஸ்டாடிக்கைப் பூமிக்கு விடாது. அதற்காக வெறுங்காலோடு நிற்பதும் தவறு. லைன் கசிந்தால் வெறுங்கால் எமனுக்கு வாசல். ஸ்டாடிக்கை மெல்ல இறக்கி, லைன் கரண்டையும் ஓரளவு தடுக்கிற ‘ஆன்டி-ஸ்டாடிக்’ செருப்புகள் இருக்கின்றன. யூனிபாரம் பாலியஸ்டராக இல்லாமல் பருத்தியாக இருக்கட்டும்.

இவையெல்லாம் வரும் வரை தொழிலாளி சும்மா அடி வாங்க வேண்டியதில்லை. எர்த் சரியாக இருப்பதாக எலக்ட்ரீஷியன் உறுதி சொன்ன சட்டத்தை, விரல் நுனியால் தொடாமல் கையில் பிடித்த சாவியாலோ நாணயத்தாலோ முதலில் தொடுங்கள். பொறி உலோகத்தில் பாயும், விரலில் உறைக்காது. தின்னர் ஆவி உள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. இது வலிக்குத்தான் மருந்து, தீக்கு அன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-வது பிரிவு, பற்றக்கூடிய ஆவியோ தூசியோ உண்டாகும் இடத்தில் அது சேராமல் அகற்ற வேண்டும், பற்றவைக்கும் காரணங்களை விலக்க வேண்டும் என்று நிர்வாகத்தின் தலையில் பொறுப்பை வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில், 2020-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. பழைய சட்டத்தில் மின்சாரம் உபயோகித்து 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். இதன் பொருள் என்ன? 10-லிருந்து 19 பேர் வரை வேலை செய்யும் பிரிண்டிங் பட்டறை, ‘தொழிற்சாலை’ என்ற கணக்கிலிருந்தே நழுவிவிடுகிறது. தின்னர் டப்பாவுக்கு ஆள் எண்ணத் தெரியுமா? 19 பேர் இருந்தால் பற்றாமல் இருக்குமா?

ஆனாலும் மிஞ்சியிருப்பதைக் கைவிடக் கூடாது. 10 பேரும் அதற்கு மேலும் உள்ள எந்த ஸ்தாபனமானாலும், காயம் உண்டாக்கக்கூடிய அபாயம் இல்லாமல் வேலையிடத்தை வைப்பது முதலாளியின் கடமை என்று இந்தத் தொகுப்பும் சொல்கிறது. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. ஆகவே செருப்புக்குச் சம்பளத்தில் பிடித்தால் மறுத்துச் சொல்லுங்கள். 14-வது பிரிவின்படி பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்கவும், குறையை எடுத்துச் சொல்லவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் ஒரே சமயத்தில் தெரிவிக்கலாம்.

‘நானே ஜாப் ஒர்க் செய்கிறவன். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கம்பெனி தருவதில் எனக்கு என்ன மிஞ்சுகிறது?’ என்று சிறு பட்டறைக்காரர் கேட்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. கூலியை நெருக்குபவர் மேலே இருக்கிறார். அப்படியானால் பாதுகாப்புச் செலவையும் சேர்த்துக் கூலி கேளுங்கள்; ஆர்டர் கொடுக்கும் ஏற்றுமதியாளரும் அவருக்கு மேலே உள்ள வெளிநாட்டுக் கம்பெனியும் கொடுக்கட்டும். உங்கள் நெருக்கடியைக் கீழே இருப்பவரின் விரல் நுனியில் இறக்காதீர்கள்.

என்ன கேட்க வேண்டும்?

பட்டறைத் தோழர்களே! ஒவ்வொரு பட்டறையிலும் இந்த ஐந்தையும் எழுதிக் கொடுங்கள்.

1. எல்லா மெஷினுக்கும் எர்த் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து, முடிவைச் சுவரில் ஒட்ட வேண்டும். கசிவில் தானே விழும் சுவிட்ச் வைக்க வேண்டும்.

2. ஈரப்பதம் காட்டும் மீட்டர் மாட்ட வேண்டும். 50-க்குக் கீழே போனால் தண்ணீர் தெளிக்கும் கருவி ஓட வேண்டும்.

3. காயவைக்கும் மெஷின் வாயில் செப்பு இழைச் சரம் கட்ட வேண்டும்.

4. தின்னருக்குத் தனி இடம், மூடிய உலோக டப்பா, காற்றோட்டம், தீயணைப்பான், தடையில்லாத இரண்டு வாசல்கள் வேண்டும்.

5. ‘ஷாக்’ அடித்ததை எழுதும் நோட்டு ஒன்று வேண்டும். தேதி, மெஷின், ஒரு தடவை அடித்ததா, ஊறியதா என்று தொழிலாளியே எழுத வேண்டும்.

கடைசிக் கோரிக்கையை அற்பமாக நினைக்காதீர்கள். எழுதாதவரை அது ‘சும்மா ஸ்டாடிக்’. எழுதி வைத்தால் அது சாட்சி. ஒரே மெஷினில் ஒரு வாரத்தில் பத்துத் தடவை என்று நோட்டு சொன்னால், எந்த நிர்வாகமும் ‘தெரியாது’ என்று தப்ப முடியாது. வெளி மாநிலங்களிலிருந்து வந்து பக்கத்து மேஜையில் நிற்கும் தோழருக்குத் தமிழ் எழுத வராமல் இருக்கலாம். அவருக்கு விழுந்த அடியையும் நீங்கள் எழுதுங்கள். ‘ஷாக்’ பாஷை பார்த்து அடிப்பதில்லை.

மில் தோழர்களே! ஈரப்பத பிளாண்டைப் பற்றி உங்களைவிட அறிந்தவர் யார்? பட்டறைத் தொழிலாளர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். விவசாயத் தொழிலாளித் தோழர்களே! உங்கள் பிள்ளைகள் பலர் இந்தப் பட்டறைகளில் நிற்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் வரும்போது, ஷாக் அடிக்கிறதா, எர்த் இருக்கிறதா, வாசல் எத்தனை என்று கேளுங்கள்.

நூல் அறுந்தால் உடனே ஈரம் வருகிறது. அச்சு கெட்டால் உடனே மருந்து வருகிறது. தொழிலாளிக்கு அடி விழுந்தாலும் உடனே பரிகாரம் வர வேண்டும். அது வரும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!